சேவல் எந்த மொழியில் கூவுகிறது?

உலகெங்கும் சேவலின் குரல் ஒன்றே. அதனைக் கேட்கும் மனிதரின் செவிகளோ பல. தமிழர் 'கொக்கரக்கோ' என்றனர். பிரெஞ்சு மக்கள் 'கோக்கோரிக்கோ' என்றனர். ஆங்கிலேயரோ 'காக்-அ-டூடில்-டூ' என்று நீட்டினர். 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்து, இன்றும் இம்மூன்று மொழிகளின் ஒலியைக் கேட்டு வாழும் புதுவை மக்களாகிய நாம், இவ்வேற்றுமையைச் சற்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

நாய், தமிழில் 'வள் வள்' என்கிறது. ஆங்கிலத்தில் 'பௌ வௌ' என்கிறது. பிரெஞ்சில் 'உவா உவா' என்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் சொசூரின் விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1916-இல் நூலாக வெளிவந்தன. விலங்கின் குரலைப் போன்று அமைந்த சொற்களும்கூட ஓரளவு அந்தந்த மக்களின் வழக்கத்தால் அமைந்தவையே என்று அந்நூல் விளக்குகிறது. பசுவின் குரலை ஆங்கிலேயர் 'மூ' என்று மட்டும் எழுதினர். நம் முன்னோரோ அதில் 'அம்மா' என்னும் சொல்லையே கேட்டனர். குரல் பசுவினுடையது, பொருள் கேட்டவர் உள்ளத்தினுடையது.

இச்சொற்கள் விலங்குகளோடு நின்றுவிடவில்லை. மனிதரின் குணங்களைச் சுட்டவும் வந்தன. ஆங்கிலத்தில் சேவல் கூவுதலைக் குறிக்கும் 'குரோ' என்னும் வினை, பிறர் தோல்வியில் களித்துத் தற்பெருமை பேசுவதையும் குறிக்கும். பிரெஞ்சு மக்கள் தம் நாட்டின் வெற்றியைப் பெருமையோடு பறைசாற்றும்போது 'கோக்கோரிக்கோ' என்பர். தமிழிலும், வென்றவன் செருக்கோடு ஆர்ப்பரித்தால் 'கொக்கரிக்கிறான்' என்கிறோம். மூன்று மொழியினரும் கோழியினத்தின் குரலில் மனிதனின் தற்பெருமையைக் கேட்டது வியப்பன்றோ! பாம்பின் சீற்றத்தைக் குறிக்கும் 'ஹிஸ்' என்னும் சொல், அரங்கில் கூடியோர் வெறுப்பைக் காட்டும் ஒலிக்கும் ஆகும். முட்டையிட்ட கோழியின் ஆரவாரத்தைச் சொல்லும் 'காக்கிள்', காதைத் துளைக்கும் சிரிப்பையும் சுட்டும். நாய் குரைத்தலாகிய 'பார்க்', அதிகாரி கடுகடுத்துக் கட்டளையிடுவதற்கும் வழங்கும்.

இனி, நம் தமிழின் செல்வத்தைக் காண்போம். யானை பிளிறும், குதிரை கனைக்கும், புலி உறுமும், நரி ஊளையிடும், குரங்கு அலப்பும், வண்டு முரலும், புறா குனுகும், மயில் அகவும். ஒரே இனமாக நாம் கருதும் பறவைகளுக்கும் வேறுபாடு உண்டு: ஆந்தை அலறும், கூகை குழறும். இருளில் காது கொடுத்துக் கேட்டவர்களாலன்றி இத்தகைய நுட்பம் எவ்வாறு பிறந்திருக்கும்?

மயிலின் குரலுக்குரிய 'அகவல்' என்னும் சொல், நம் தொன்மையான ஆசிரியப்பாவின் ஓசைக்கே பெயராயிற்று. காகம் தன் குரலாலேயே பெயர் பெற்றது. அது கரைவது விருந்தினர் வருகைக்கு அறிகுறி என்பது நம் இல்லங்களில் நெடுநாளைய நம்பிக்கை. அக்கரைதலைப் பாடியதனால், குறுந்தொகையில் நச்செள்ளையார் என்னும் புலவர் 'காக்கைபாடினியார்' என்னும் சிறப்பைப் பெற்றார். உணவைக் கண்டதும் இனத்தைக் கூவியழைக்கும் காகத்தைத் திருவள்ளுவரும் எடுத்துக்காட்டுகிறார்.

குயிலுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு தனியானது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், 'குயில் பாட்டு' என்னும் காவியத்தை இவ்வூர்த் தோப்பைக் களமாக வைத்தே பாடினார். நம் ஊரில் பிறந்த பாரதிதாசன், தாம் நடத்திய இதழுக்குக் 'குயில்' என்றே பெயரிட்டார். ஆங்கிலப் பாடல்களில் வரும் 'கக்கூ' நம் குயிலன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பறவை. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் 'கக்கூ'வைப் படித்துவிட்டு, வேப்பமரத்தில் கூவும் குயிலை அறியாதிருந்தால் அது இரங்கத்தக்கது.

இன்று நம் வீடுகளில் நிகழ்வது என்ன? குழந்தைக்கு 'பௌ வௌ' என்று கற்றுக்கொடுத்து மகிழ்கிறோம். அதில் குற்றமில்லை, பிறமொழி அறிவு நன்மையே. ஆனால் தமிழ்ப் பேச்சில் நாயும் கத்துகிறது, குயிலும் கத்துகிறது, யானையும் கத்துகிறது! ஒலி மரபு என்பது தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. கேளாத குரலுக்குரிய சொல் நாவில் நிலைக்காது. சொல் மறைந்தபின் அக்குரலைக் கூர்ந்து கேட்கும் பழக்கமும் மறையும்.

ஆகவே, பெற்றோரே, செலவில்லாத பாடம் ஒன்று உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை 1826-இல் தோன்றிய நம் தாவரவியல் பூங்காவுக்கோ, ஊசுட்டேரிக்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசாதிருக்கச் செய்யுங்கள். பிறகு, "என்ன கேட்டது? அதற்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் என்ன பெயர்?" என்று வினவுங்கள். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நூலில் காணாத சொற்கள் பல அவர்கள் நாவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவை அடுத்த தலைமுறையின் செவிக்குச் சென்று சேரட்டும்.