கம்பத்தில் ஆண்டெல்லாம் திராட்சை ஏன்?

பிரான்சில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குளிர் இல்லை. கொடி உறங்காமல் தழைத்துக்கொண்டே போகும். அங்கே குளிரின் வேலையைச் செய்வது கத்தரிக்கோல்! கவாத்து செய்ததும் நுனிமொட்டின் ஆதிக்கம் ஒழிந்து, கீழ்மொட்டுகள் துளிர்க்கின்றன. பூங்கொத்தின் கரு அவற்றுக்குள் முன்பே, வெயில் பட்டு, உருவாகியிருக்கும். எந்தக் கணுவில் வெட்டுவது என்பதில்தான் உழவரின் திறமை இருக்கிறது. வெட்டி ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் வரத்து ஓய்வதில்லை.

நம் ஊர் திருபுவனைப் பக்கம் இப்படி விளைவிப்பது ஏன் கடினம்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை ஈரம் காயாது. அடிச்சாம்பல் நோய்க்கு அது போதும்.

ஆண்டெல்லாம் விளையும் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.