சுருக்கத்தைக் கணக்கிடும் அச்சு

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் வேப்பூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர்போன ஊர். பொம்மை வார்க்கக் களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரம் மண் படிந்து ஓடாகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். காய்ந்து, சூளையில் வெந்து வரும் பொம்மை அச்சைவிடச் சிறுத்திருக்கும். அதனால் அச்சின் அளவைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கிலும் இதே கணக்குதான். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரம் பிளாஸ்டிக் குருணையை உருக்கி, எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறது. பாலிப்ரொப்பிலீன் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் உள்ளே போய், ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். 100 மி.மீ. டப்பாவில் 2 மி.மீ. குறைந்தால் மூடி பொருந்தாது. தடித்த இடம் மெதுவாக ஆறுவதால் அங்கே குழி விழும். டப்பாவே கோணிக்கொள்ளவும் கூடும்.

எஃகு அச்சு செய்ய வாரக்கணக்கில் ஆகும், லட்சக்கணக்கில் செலவாகும். கூடுதலாக இருக்கும் எஃகைப் பிறகும் கடைந்து எடுத்துவிடலாம். தேவைக்கு மேல் கடைந்துவிட்டாலோ, வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும். அளவு தப்புமா என்பதை எஃகில் கை வைக்கும் முன்பே பார்த்துவிட உதவுவதுதான் டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் முதல் பயன்.

ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் 1978இல் தொடங்கிய மோல்ட்ஃப்ளோ என்ற மென்பொருள் நிறுவனம் இதற்கு வழி காட்டியது. உருகிய பிளாஸ்டிக் எந்த வழியாகப் பாயும், இரு ஓட்டங்கள் எங்கே சந்தித்துத் தழும்பு விழும், காற்று எங்கே சிக்கும் என்பதை இன்றைய மென்பொருள்கள் திரையிலேயே காட்டுகின்றன. திருத்திய வடிவம், கணினி வழி கடையும் சிஎன்சி இயந்திரத்துக்குப் போய் எஃகில் இறங்குகிறது.

அச்சு ஓடத் தொடங்கிய பிறகும் கண்காணிப்பு தொடர்கிறது. அச்சுக்குள் பதித்த சிறு சென்சார் ஒவ்வொரு வார்ப்பிலும் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைகிறது. கோடு வழக்கமான உயரத்தை எட்டாவிட்டால் அச்சு சரியாக நிரம்பாமல் இருக்கலாம். அந்தப் பொருளை இயந்திரமே தனியே ஒதுக்கிவிடும்படி அமைக்க முடியும். நேரத்தை மிச்சப்படுத்தவும் வழி உண்டு. ஒரு வார்ப்புக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி ஆறுவதற்கே போகிறது. அச்சில் துளையிட்டுச் செய்யும் குளிர்நீர்ப் பாதைகள் நேராகத்தான் ஓடும். உலோக 3டி பிரிண்டிங் முறையில் பொருளின் வளைவை ஒட்டியே பாதை அமைத்து, ஆறும் நேரத்தைக் குறைக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு ஆள் தயார் செய்யும் சிப்பெட் நிறுவனம் 1968 முதல் சென்னை கிண்டியில் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்து இளைஞர்கள் இதைக் கற்க வேண்டும் என்பது என் விருப்பம். காரணம், பீங்கான் பொடியோடு மெழுகும் பாலிமரும் கலந்து இதே வகை இயந்திரத்தில் வார்க்க முடியும். அந்தப் பொருள் சூளையில் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு சுருங்குவதால் அங்கே கணக்கு இன்னும் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

சிறிய பட்டறை எல்லாக் கருவியையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. எந்த மூலப்பொருள், எத்தனை டிகிரி, எவ்வளவு சுருங்கியது என்று ஒவ்வொரு சோதனை வார்ப்பையும் கணினியில் பதிந்துவைப்பதே நல்ல தொடக்கம். மென்பொருள் சொல்லும் அளவை அந்தப் பதிவோடு ஒப்பிட்டால்தான் அடுத்த அச்சு முதல் சோதனையிலேயே பொருந்தி வரும்.