பதினொன்றாம் வகுப்பு யாருக்காக?

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று சொன்னது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை குறைந்ததென்று பலர் வரவேற்றார்கள். நாமும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கருமத்தம்பட்டியில் கூடிப் பேசுகிற நாம், அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிட முடியாது. அது வரக் காரணமாக இருந்த பள்ளிகள் நம் கொங்குப் பகுதியில்தான் தழைத்தன.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்பு பெயருக்குத்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் உருப்போட வைப்பார்கள். லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன வட்டாரம் மதிப்பெண்ணுக்கும் பேர்போனது இப்படித்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் முறையாக நடத்தினார். அவருடைய மாணவர், ஓராண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டு படித்தவரோடு அதே 1200 மதிப்பெண்ணுக்குப் போட்டி போட்டார். இதைப் பந்தயம் என்று எப்படிச் சொல்வது?

2017இல் நீட் கட்டாயமானது. அது இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்டது. 1200க்கு 1176 எடுத்த நம் தங்கை, அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் 1இல் இழந்தோம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதம்தான், பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு வந்திருந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அந்தப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தனியார் பள்ளிகளுக்கு அப்போதுதான் வந்தது. அதே 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வராது என்று அரசே அறிவித்துவிட்டது. தேர்வு உண்டு, அதற்கு மதிப்பு இல்லை. பாதி உயிரை அன்றைக்கே எடுத்தாயிற்று. கொரோனாவால் 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது மட்டும் அந்த மதிப்பெண் 20 விழுக்காடாகக் கணக்கில் வந்தது.

ஆசிரியர்களின் கவலை இரண்டு பக்கமும் இருக்கிறது. அதை ஒரே கோஷமாகச் சுருக்கிவிடக் கூடாது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் பதினொன்றில் இரண்டு பாடம் அரியர் வைத்தால் என்ன ஆகும்? துணைத்தேர்வு எழுதுவதற்குள் பனியன் கம்பெனி வேன் வாசலுக்கு வந்துவிடும். பெண்பிள்ளையாக இருந்தால் நூற்பாலை விடுதி. அருந்ததியர் தெருக்களில் படிப்பு நிற்கிற இடங்களில் இதுவும் ஒன்று. அந்த வகையில் தேர்வு போனது நல்லதே.

ஆனால் பொதுத்தேர்வு போன இடத்தில் எது வரப்போகிறது? பள்ளியே வினாத்தாள் எடுத்து, பள்ளியே திருத்தினால், மதிப்பெண் ஆசிரியர் கையில். நல்ல ஆசிரியர் கையில் அது நல்லதுதான். ஏட்டில் இல்லாத திறமையை அவரால் பார்க்க முடியும். ஆனால் பொதுத்தேர்வில் திருத்துகிறவருக்கு மாணவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தெரு தெரியாது. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு கவசம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. வகுப்பறைக்குள் சாதி இல்லை என்று அதற்குப் பிறகும் யாராவது சொல்ல முடியுமா? பாடத்துக்குப் பத்து அக மதிப்பெண் இப்போதும் இருக்கிறது. அதில் வருகைப்பதிவுக்கும் பங்குண்டு. வாரத்தில் ஒருநாள் கூலிக்குப் போகிற பிள்ளை அங்கேயே இழக்கிறது.

ஆகவே தேர்வைத் திரும்பக் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று ஒவ்வொரு தனியார் பள்ளியிலும் ஆண்டு நடுவில் ஆய்வு செய்ய வேண்டும். ஆண்டு இறுதித் தேர்வுக்கு மாவட்டம் முழுவதும் ஒரே வினாத்தாள் இருக்க வேண்டும். விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர்கள் பெயர் பார்க்காமல் திருத்த வேண்டும். இந்த ஆய்வு எத்தனை பள்ளிகளில் நடந்தது என்று கோவை, திருப்பூர், நாமக்கல் முதன்மைக் கல்வி அலுவலகங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். கட்டணம் பத்து ரூபாய்.