பொறிவண்டுகளில் பகையும் நட்பும்

வெளுத்ததெல்லாம் பால் அல்ல. அதுபோல முதுகில் புள்ளி கொண்ட வண்டெல்லாம் பயிருக்குப் பகையுமல்ல. கத்தரித் தோட்டத்தில் இலைகள் சல்லடையாகியிருக்கக் காணும் குடியானவர், கண்ணிற்பட்ட புள்ளி வண்டுகளையெல்லாம் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரிலிட்டுக் கொன்றுவிடுவதுண்டு. பின்னர் அதே செடிகளின் கொழுந்துகளில் அசுவினி மொய்த்து, இலைகள் சுருண்டு பிசுபிசுத்துப் போவதைக் கண்டு அவர் திகைக்கின்றார். பகையுடன் நட்பையும் சேர்த்து அழித்ததன் பயன் இது. வேறு சிலரோ, புள்ளி வண்டு நன்மை செய்யும் என்று கேள்வியுற்று, இலையைத் தின்னும் வண்டையும் வாளா விட்டுவிடுகின்றனர். இரண்டும் நஷ்டமே.

உலகில் சுமார் 6,000 வகைப் பொறிவண்டுகள் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி முதலியவற்றைத் தின்று வாழ்வன. 1888ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோபெலி என்பார் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பத் தொடங்கிய ரொடோலியா என்னும் பொறிவண்டு, கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதிற்பூச்சியினின்றும் காத்தது. ஒரு சிறு பிரிவு மட்டுமே இலையைத் தின்பது.

பகை வண்டு

நம் தோட்டங்களில் கத்தரி, உருளைக்கிழங்கு, தக்காளி, பாகல் ஆகியவற்றைத் தாக்குவது ஹெனோசெபிலாக்னா என்னும் கத்தரி வண்டு. மங்கிய செம்மண் நிறமும், நன்கு குவிந்த முதுகும் உடையது. இதன் ஒவ்வொரு மேற்சிறகிலும் 6 புள்ளிகள் நிலையானவை. மேலும் 8 புள்ளிகள் தோன்றினும் தோன்றும், தோன்றாமலும் இருக்கும். ஆதலால் ஒரே வகை வண்டு 12 புள்ளிகளுடனும் 28 புள்ளிகளுடனும் காணப்படும். புள்ளியை எண்ணி முடிவு செய்வது பிழையாகும் என்பது இதனால் விளங்கும்.

நம்பத்தக்க அடையாளம் முதுகின் பளபளப்பேயாம். கத்தரி வண்டின் முதுகில் மெல்லிய குறுமயிர் அடர்ந்திருப்பதால் அது தூசி படிந்தாற்போல ஒளியின்றித் தோன்றும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளின் முதுகு மயிரின்றி, எண்ணெய் பூசினாற்போல மினுங்கும். வண்டைச் சாய்த்துப் பிடித்து வெயிலிற் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

நட்பு வண்டுகளும் நிற பேதங்களும்

பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை முதலியவற்றில் மிகுதியாகக் காணப்படுவது கெய்லோமெனிஸ் என்னும் வண்டு. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற முதுகில் நெளிநெளியான கரும்பட்டைகள் ஓடும். சிலவற்றில் பட்டைகள் மெலிந்திருக்கும்; சிலவற்றில் அவை பருத்து ஒன்றுகூடி, வண்டு ஏறக்குறைய முழுக் கறுப்பாகவே தோன்றும். இவையனைத்தும் ஒரே வகையே. காக்ஸினெல்லா டிரான்ஸ்வர்சாலிஸ் என்பது இதனை ஒத்ததாயினும், செக்கச்சிவந்த நிறமும், முதுகின் நடுவே நெடுகிலும் ஓடும் ஒரு கருங்கோடும், இருபுறமும் அகன்ற கருந்திட்டுகளும் உடையது. காக்ஸினெல்லா செப்டெம்பங்டேட்டா என்பதற்கு 7 புள்ளிகள். அவற்றுள் ஒன்று இரு சிறகும் சேருமிடத்தில், கழுத்தை அடுத்து அமைந்திருக்கும். நெல்வயலில் திரியும் மைக்ராஸ்பிஸ் வண்டின் மேற்சிறகுகளிலோ புள்ளியே இராது. அது புகையானின் குஞ்சுகளைத் தின்னும்.

இன்னுமொன்று கவனித்தற்குரியது. கூட்டுப்புழுவினின்று அப்பொழுதே வெளிவந்த வண்டு, எவ்வகையாயினும், வெளிர்மஞ்சளாய்ப் புள்ளியின்றி இருக்கும். சில மணி நேரத்திற்குப் பின்னரே நிறமும் புள்ளியும் ஏறும். அவ்வண்டை வேறோர் இனமென்று கருதலாகாது. தொட்டவுடன் மஞ்சள் நீர் கசிவது இரு சாரார்க்கும் பொதுவாதலின், அதுவும் அடையாளமாகாது.

புழுவும் முட்டையும்

வண்டினும் புழுவை இனம் பிரித்தல் எளிது. கத்தரி வண்டின் புழு மஞ்சள் நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களுடன், மந்தமாக நகரும். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பையும் மெல்லிய தோலையும் விட்டுவைக்கும். நட்பு வண்டின் புழுவோ கருஞ்சாம்பல் நிறமாய், நீண்ட கால்களுடன், முதலை போன்ற வடிவில், அசுவினிக் கூட்டத்தினூடே விரைந்து திரியும். இரு சாராரும் மஞ்சள் முட்டைகளைக் குவியலாக நிறுத்தி இடுவதால் முட்டையை மட்டும் கண்டு பிரித்தல் அரிது. இலையில் சுரண்டிய வடு உண்டா, அருகில் அசுவினி உண்டா என்பதைப் பார்த்தே துணிதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

கத்தரிச் செடியில் அசுவினியும் வருமாதலால், பகையும் நட்பும் ஒரே செடியில் இருத்தல் கூடும். ஆகையால் காலையில் செடிதோறும் இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, ஒளியற்ற வண்டுகளையும், முட்கொண்ட மஞ்சட் புழுக்களையும் மட்டுமே பொறுக்கி அழிக்க வேண்டும். பழுப்பேறி விறைத்து அசையாது கிடக்கும் புழுக்களைச் செடியிலேயே விட்டுவிடுக. அவற்றினுள் பீடியோபியஸ் என்னும் சிறு குளவி வளர்ந்து வெளிவந்து, ஏனைய புழுக்களையும் தாக்கும். சேதம் மிகின் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். வண்டைக் கண்டவுடன் கொடிய மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது பெரும்பாலும் நட்பு வண்டே.

பொறுக்கத் தொடங்குமுன் வீட்டுச் சிறுவர்களுக்கும் கூலியாட்களுக்கும் இரு வண்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. ஒருமுறை கண்ணால் கண்டவர் மறவார்.