நச்சு வாயுவும் நோபல் பரிசும்

பரிசு பெற்றவரின் பெயரை உலகம் போற்றுகிறது. அப்பரிசுக்கு வழிகோலியவரை எளிதில் மறந்துவிடுகிறது. 1906ஆம் ஆண்டில் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு பிரெஞ்சு அறிஞர் ஆன்றி முவாசானுக்குக் கிடைத்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அசேதன இரசாயனத்தில் அவர் ஆற்றிய இரு பெரும்பணிகளை அப்பரிசு கௌரவித்தது. ஒன்று, புளோரீன் என்னும் மூலகத்தைத் தனியே பிரித்தெடுத்தமை. மற்றது, மின்னுலையை விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியமை.

புளோரீன் எளிதில் அகப்படும் பொருளன்று. ஏறக்குறைய எல்லா மூலகங்களோடும் அது சேர்ந்துகொள்ளும். அதனை முன்னர்த் தேடிய அயர்லாந்து நாட்டு நொக்ஸ் சகோதரர்கள் அதன் சேர்வையின் நஞ்சால் கடும் நோயுற்றனர். பெல்சியத்தின் லூயே, பிரான்சின் நிக்கிலே ஆகியோர் உயிரையே இழந்தனர்.

1886ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி முவாசான் வெற்றி கண்டார். நன்கு குளிர்விக்கப்பட்ட பிளாற்றினக் குழாயில், நீரற்ற ஐதரோபுளோரிக்கமிலத்தில் பொற்றாசிய உப்பொன்றைக் கரைத்து மின்னோட்டம் செலுத்தினார். வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கன் தீப்பற்றி எரிந்தது. ஆனால் விஞ்ஞானக் கழகத்து அறிஞர்கள் பார்வையிட வந்தபோது பரிசோதனை பலிக்கவில்லை. அவர்களுக்காக அமிலத்தை மிகமிகத் தூய்மையாக்கியிருந்தார். பொற்றாசிய உப்பு அதிற் சிறிதும் இல்லாமையால் மின் பாயவில்லை. உப்பைச் சேர்த்ததும் புளோரீன் தோன்றிற்று.

பரிசுத் தீர்ப்பிலும் ஒரு செய்தி உண்டு. 1906இல் நோபல் குழுவிற் பெரும்பான்மையோர் விதந்துரைத்தது, ஆவர்த்தன அட்டவணையை வகுத்த இரசிய அறிஞர் மென்டலீவையே. சுவீடன் விஞ்ஞானக் கழகமோ முவாசானைத் தெரிந்தெடுத்தது. 1907 பெப்ரவரி 2ஆம் திகதி மென்டலீவ் பரிசு பெறாமலே மறைந்தார். அதே மாதம் 20ஆம் திகதி, தமது 54ஆம் வயதில், முவாசானும் காலமானார்.

இருவர் பணியும் இன்றும் நம்மிடையே உள்ளது. நாம் பல் துலக்கும் பசையிற் புளோரைட்டு இருக்கிறது. அடிபிடியாத தாச்சியின் பூச்சும் புளோரீன் சேர்ந்ததே. மென்டலீவின் அட்டவணையின்றி எந்தப் பாடசாலையிலும் இரசாயனம் கற்பிக்க இயலாது. 101ஆம் மூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முவாசான் பரிசுக்கு முற்றும் தகுதியானவர், மென்டலீவும் அவ்வாறே. ஓராண்டுத் தீர்ப்பு ஒருவரின் ஆற்றலுக்கு முடிந்த முடிபாகாது. பரிசளிப்பு விழாவிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையை நோக்கும்போது, பெற்றோரும் ஆசிரியரும் இதனை நினைவிற் கொள்வார்களாக.