மூணு எழுத்து, ஒரு விசைப்பலகை: பாலிகஞ்ச் வீட்டுக்கு லினக்ஸ் அமைப்பு

தங்கச்சிக்குத் தமிழ்ல கடிதம், ஃபிளாட் கமிட்டிக்கு வங்காளத்துல நோட்டீஸ், பேங்குக்கு இங்கிலீஷ்ல மெயில். இது மூணும் ஒரே மேஜையில, ஒரே கம்ப்யூட்டர்ல நடக்கிற தமிழ் வீடுகள் கொல்கத்தாவுல பாலிகஞ்ச், லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் இருக்கு. இந்தக் காணொளி அந்த வீடுகளுக்காக.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனசில்லாம, பிள்ளைங்க ஊருக்கு வந்தப்போ லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. மறுநாளே கேள்வி ஆரம்பிக்குது. எழுத்து மங்குது, தமிழ் அடிக்க வரல, வங்காளம் வர்ற இடத்துல கட்டம் கட்டமா தெரியுது. உடனே "லினக்ஸுக்குத் தமிழ் சரிப்படாதுப்பா"னு ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். ஏன்னா இது எல்லாமே சரிபண்ணக்கூடிய விஷயம். சரிபண்ண வேண்டிய இடம்தான் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற.

அதனால முதல்ல நோயைப் பிரிச்சுப் பாருங்க. எழுத்துக்குப் பதிலா கட்டம் தெரிஞ்சா, எழுத்துரு இல்லைன்னு அர்த்தம். எழுத்து தெரியுது, ஆனா மங்கலா இருக்குன்னா, திரை அமைப்புல கோளாறு. மத்தவங்க அனுப்பினதைப் படிக்க முடியுது, நம்மால அடிக்கத்தான் முடியலைன்னா, விசைப்பலகை அமைப்பு. இந்த மூணையும் போட்டுக் குழப்பிக்கிட்டு, இணையத்துல கண்ட கட்டளையை எல்லாம் டெர்மினல்ல ஒட்டினீங்கன்னா, நல்லா இருந்ததும் கெட்டுப் போகும்.

நான் காட்டப் போறது லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப்.

[திரையில்: சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே]

திரையில ஆரம்பிக்கலாம். கரியாஹாட் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா. எழுத்து சின்னதா இருக்குன்னு ரெசல்யூஷனைக் குறைச்சு வச்சிருந்தாங்க. 1920-க்கு 1080 மானிட்டர்ல 1024-க்கு 768. எழுத்து பெரிசாச்சு, ஆனா ஓரமெல்லாம் கரைஞ்சு போச்சு. "கண்ணாடி பவர் மாறிடுச்சு போல இருக்கு"ன்னாங்க. "இல்லம்மா, உங்க கண்ணாடி சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லி, டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

தட்டைத் திரைக்குள்ள இருக்கிற புள்ளிகளோட எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவானது. அதைவிடக் குறைவா நாம கேட்டா, ஒரு புள்ளியை ஒன்றரை, ரெண்டு புள்ளியா இழுத்துப் பரப்பித்தான் அதால காட்ட முடியும். இங்கிலீஷ் எழுத்து இதை ஓரளவு தாங்கும். நம்ம எழுத்து தாங்காது. புள்ளி கரைஞ்சா "க்" எது, "க" எதுன்னு தடுமாறணும். வங்காளத்துல இன்னும் மோசம். "பாபா"ங்கிறதுல வர்ற "ப" எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வச்சா அது "ர". அந்தப் புள்ளி தெரியலைன்னா சொல்லே மாறிடும். அதனால ரெசல்யூஷன்ல கை வைக்காதீங்க. பட்டியல்ல "ரெக்கமண்டட்"னு போட்டிருக்கிறதையே வையுங்க.

அப்போ எழுத்தைப் பெரிசாக்க? அதுக்கு வேற இடம் இருக்கு. சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஃபான்ட் செலக்ஷன், அதுல டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர். 1.0-னு இருக்கிறதை 1.2, 1.3-னு ஏத்துங்க. எழுத்து மட்டும் பெரிசாகும், கூர்மை குறையாது. டிஸ்ப்ளே பக்கத்துலயே ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்னு ஒண்ணு இருக்கு. பேரைப் பார்த்தா இதுதான் வேணும்னு தோணும். ஆனா மின்ட்ல அது வேலை செய்ற விதம் வேற: எல்லாத்தையும் ரெண்டு மடங்கா வரைஞ்சு, அப்புறம் சுருக்கிக் காட்டும். பழைய கம்ப்யூட்டரோட கிராஃபிக்ஸுக்கு அது வீண் சுமை, திரையும் லேசா மங்கும். 4கே மானிட்டர் வச்சிருக்கிறவங்க முயற்சி பண்ணிப் பாருங்க. மத்தவங்களுக்கு டெக்ஸ்ட் ஸ்கேலிங் போதும்.

சிலருக்கு அந்தப் பட்டியல்லயே சரியான ரெசல்யூஷன் இருக்காது, 1024-க்கு 768-ஓட நின்னுடும். பழைய நீல முனை விஜிஏ கேபிள் மாட்டியிருக்கீங்களான்னு பாருங்க. மானிட்டர் தன்னைப் பத்தின விவரத்தை, தன்னால என்னென்ன அளவு காட்ட முடியும்னு, அந்தக் கேபிள் வழியாத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஈடிஐடின்னு பேரு. விலை மலிவான சில கேபிள்ல அந்தத் தகவல் போற கம்பியே இருக்காது. விவரம் தெரியாத கம்ப்யூட்டர், பாதுகாப்பா ஒரு சின்ன அளவுல நின்னுக்கும். எக்ஸ்ரேண்டர் கட்டளையால அளவைக் கையால எழுதிக் கொடுத்தும் ஓட்டலாம். ஆனா முதல்ல கேபிளை மாத்துங்க. ரெண்டு பக்கமும் எச்டிஎம்ஐ வாய் இருந்தா அதையே போடுங்க. காளிகாட்ல மெட்ரோ ஏறினா சாந்தினி சவுக்ல இறங்கி வாங்கிட்டு வந்துடலாம்.

டிவியை மானிட்டரா வச்சிருந்து ஓரம் வெட்டுப்பட்டா, அது டிவி ரிமோட்ல சரிபண்ற வேலை. பிக்சர் அளவுல "ஜஸ்ட் ஸ்கேன்" இல்லைன்னா "ஸ்கிரீன் ஃபிட்".

எழுத்துரு விஷயம் சீக்கிரம் முடிஞ்சுடும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல லோஹித் தமிழ், லோஹித் பெங்காலி ரெண்டையும் தேடி நிறுவுங்க. நோட்டோ எழுத்துருக்களும் நல்லா இருக்கும். நிறுவினதும் திறந்திருக்கிற நிரலை மூடித் திறங்க, கட்டம் போயிடும்.

இப்போ விசைப்பலகை. கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, ஏன்னா சென்னையில இருக்கிறவருக்கு நான் சொல்ற யோசனையும் பாலிகஞ்ச்ல இருக்கிறவருக்குச் சொல்ற யோசனையும் ஒண்ணு இல்ல.

தமிழ் மட்டும் எழுதுறவர்னா, கண்ணை மூடிக்கிட்டு தமிழ்99 கத்துக்கோங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட அமைப்பு. உயிர் இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில. "அம்மா"வுக்கு அ, ம, ம, ஆ, நாலே விசை. ரெண்டு "ம" அடுத்தடுத்து வந்தா முதல் "ம"வுக்குப் புள்ளி தானா விழும். ஆனா இப்படி முன்னால என்ன எழுத்து வந்ததுன்னு பார்த்து முடிவு பண்ண, லினக்ஸோட சாதாரண விசைப்பலகைப் பட்டியலால முடியாது. அந்தப் பட்டியலுக்கு எக்ஸ்கேபின்னு பேரு. இந்த விசையைத் தட்டினா இந்த எழுத்து, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். தமிழ்99 முழுசா வேலை செய்ய ஐபஸ்ங்கிற உள்ளீட்டு நிரலும் அதோட எம்17என் தொகுப்பும் நிறுவணும். இன்புட் மெத்தட் பக்கத்துல ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்து, தமிழ்99-ஐச் சேர்த்துக்கோங்க.

ஆனா நம்ம வீட்டுல வங்காளமும் எழுதணும். வங்காளத்துக்குத் தனியா ஒரு அமைப்பு, தமிழுக்குத் தனியா ஒரு அமைப்புன்னா விரல் ரெண்டு பாடம் படிக்கணும். அறுபது வயசுக்கு மேல அது அநியாயம். இங்கேதான் நான் இன்ஸ்கிரிப்டைச் சிபாரிசு பண்றேன்.

[திரையில்: ரெண்டு விசைப்பலகைப் படங்கள், தமிழும் வங்காளமும் பக்கத்துப் பக்கத்துல]

இன்ஸ்கிரிப்ட் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவா இந்திய அரசு கொண்டுவந்த அமைப்பு. 1991-ல இந்தியத் தர நிர்ணய அமைப்போட தரத்துலயும் சேர்ந்துடுச்சு. ஒரு ஒலிக்கு எந்த மொழியிலயும் அதே விசை. இங்கிலீஷ் "கே" இருக்கிற விசை தமிழ்ல "க", வங்காளத்துலயும் "க". பாருங்க, "கமலா"ன்னு அடிக்கிறேன். கே, சி, என், ஈ. தமிழ்ல வந்துடுச்சா? இப்போ மொழியை மாத்திட்டு அதே நாலு விசை. கே, சி, என், ஈ. வங்காளத்துல கமலா. புள்ளி வைக்கிறதும் டி விசைதான், வங்காளத்துக் கூட்டெழுத்துக்கு ரெண்டு மெய்யை ஒட்டவைக்கிறதும் அதே டி விசைதான். வங்காளத்துல கூடுதலா இருக்கிற வர்க்க எழுத்துகள் பலதும் ஷிஃப்ட்டோட வரும்: கே-யைத் தட்டினா "க", ஷிஃப்ட் கே தட்டினா அதோட அழுத்தமான ஜோடி. தமிழ்ல அந்த ஜோடி கிடையாது, அதனால நமக்குச் சுமையும் இல்ல.

தமிழ் மட்டும்னு பார்த்தா வேகத்துல தமிழ்99 முந்தும், அதை மறைக்க மாட்டேன். புள்ளியை இன்ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு தடவையும் நாமதான் அடிக்கணும். ஆனா ஒரு பாடத்துல ரெண்டு மொழி வருது. ஐபஸ் எதுவும் வேண்டாம், எக்ஸ்கேபியே போதும்.

சேர்க்கிற வழி: சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்ட், லேஅவுட்ஸ். கூட்டல் குறியைத் தட்டுங்க. தமிழ்ல "இன்ஸ்கிரிப்ட்"னு எழுதியிருக்கிறதை எடுங்க. அதே பட்டியல்ல தமிழ்99 பேர்லயே "டேப்", "டிஸ்கி"ன்னு ஒட்டு வச்சு ரெண்டு இருக்கும். அது ரெண்டும் யூனிகோடுக்கு முந்தின பழைய குறியாக்கம், தொடாதீங்க. அதுல அடிச்சா குப்பை குப்பையா எழுத்து வரும். வங்காளத்தைப் "பெங்காலி"ன்னு தேடினா கிடைக்காது, "பாங்ளா"ன்னு இருக்கும். "பாங்ளா (இந்தியா)" எடுத்துக்கோங்க. உச்சரிப்பை இங்கிலீஷ்ல அடிச்சு வங்காளம் வரவைக்கிற அவ்ரோ முறை பழகின பேரப்பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கு ஓப்பன்பாங்ளா கீபோர்ட் தனியா நிறுவிக் கொடுங்க. எக்ஸ்கேபி ஒரே சமயத்துல நாலு அமைப்பு வரைக்கும்தான் வச்சுக்கும். இங்கிலீஷ், தமிழ், வங்காளம், வேணும்னா ஹிந்தி, கணக்கு சரியாப் போச்சு.

பட்டியல்ல இங்கிலீஷ் எப்பவும் முதல்ல இருக்கட்டும். தமிழ் மேலே போயிடுச்சுன்னா, உள்நுழையிற திரையில பாஸ்வேர்ட் தமிழ்ல விழும். புள்ளி புள்ளியாத்தான் தெரியும்ங்கிறதால ஏன் உள்ளே விடலைன்னே புரியாது.

அடுத்தது கொடிப் பிரச்சனை. எந்த மொழியில இருக்கோம்னு கீழ்ப் பட்டையில நாட்டுக் கொடியால காட்டுற வசதி ஒண்ணு இருக்கு. தமிழுக்கும் இந்தியக் கொடி, வங்காளத்துக்கும் அதே கொடி. வயசானவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கொடியை அணைச்சுட்டு எழுத்தால காட்டச் சொல்லுங்க. மொழி மாத்துறதுக்கு ஆப்ஷன்ஸ்ல ஒரே விசையா வையுங்க. கேப்ஸ் லாக் என் தேர்வு, ஏன்னா அதை வேற எதுக்கும் அதிகம் தொட மாட்டோம். "ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி அமைப்பு"ங்கிற தேர்வையும் போட்டுடுங்க. கடிதம் தமிழ்லயும் பிரவுசர் இங்கிலீஷ்லயும் அதது பாட்டுக்கு நிக்கும்.

கை லேசா நடுங்குறவங்களுக்கு ஒண்ணு. கீபோர்ட் பக்கத்துலயே டைப்பிங் பகுதியில ரிப்பீட் டிலேன்னு இருக்கும். அதை நீட்டி வச்சா, விரல் கொஞ்சம் தங்கிட்டாலும் "ககககக"ன்னு ஓடாது. ஒரே விசையை அறியாம ரெண்டு தடவை தட்டுறவங்களுக்கு அக்சசிபிலிட்டியில பவுன்ஸ் கீஸ் இருக்கு. மவுஸ்ல டபுள் கிளிக் நேரத்தை நீட்டுங்க, அம்புக்குறியைப் பெரிசாக்குங்க. லேப்டாப்னா, டைப் பண்ணும்போது டச்பேட் அணையிற தேர்வைப் போடுங்க. உள்ளங்கை பட்டு கர்சர் வேற வரிக்குத் தாவாது.

மின்ட் இல்லாம புது உபுண்டு வச்சிருக்கிறவங்களுக்கு இதே அமைப்புகள் கீபோர்ட் பக்கத்துல "இன்புட் சோர்ஸஸ்" கீழே இருக்கும். எக்ஸ்கேபியும் ஐபஸ்ஸும் அங்கே ஒரே பட்டியல்ல வரும். உபுண்டு, வேலேண்ட்ங்கிற வேற திரை முறையில ஓடுறதால, நான் சொன்ன எக்ஸ்ரேண்டர் கட்டளை அங்கே திரை அளவை மாத்தாது.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சோதனை. கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க. இங்கிலீஷ்ல பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வாங்க. லிப்ரேஆஃபீஸ்ல ஒரு வெள்ளைத் தாளைத் திறந்து, தமிழ்ல ஒரு வரி, கேப்ஸ் லாக், வங்காளத்துல ஒரு வரி அடிங்க. கீழ்ப் பட்டையில இருக்கிற மொழிக் குறியைத் தட்டி "ஷோ கீபோர்ட் லேஅவுட்" கொடுத்தா விசைப்பலகைப் படம் வரும். ரெண்டு மொழிக்கும் ஒவ்வொரு பிரதி அச்செடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டிவையுங்க.