துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாமா? தோட்டத்து மக்கள் அறிய வேண்டிய சட்டங்கள்

மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளை ஒரே இரவில் தோண்டிப் போட்டுக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிகளின் தொல்லை தோட்டப்புறங்களுக்குப் புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியும் வாழையும்கூடத் தப்புவதில்லை. அதற்குத் தோட்டத்து மக்கள் கண்ட வழியும் பழையதுதான். நாலைந்து பேர் சேர்வார்கள். நாய்கள், ஈட்டி, பாராங் இருக்கும். யாரிடமாவது துப்பாக்கி இருந்தால் அதுவும் உடன் போகும்.

"அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறது, பயம் ஒன்றுமில்லை" என்பது இத்தகைய கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. எந்த லைசென்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கியை வைத்திருக்கக் காவல்துறையின் அனுமதி வேண்டும். விலங்கை வேட்டையாட வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும். இவை இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருபவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இதை அறியாமல் காட்டுக்குள் போகிறவர் பன்றியைத் தேடிப் போய் வழக்கோடு திரும்ப நேரலாம்.

உரிமை அல்ல, அனுமதி

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்கள் இடுப்பில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் நடப்பதைச் சமூக ஊடகக் காணொளிகளில் இளைஞர்கள் பார்க்கிறார்கள். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு வழங்கும் உரிமை. மலேசியாவில் அப்படி ஓர் உரிமை யாருக்கும் கிடையாது. இங்கு அது காவல்துறை கொடுக்கும் அனுமதி; கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதற்கு அதிகாரம் உண்டு.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதை மூத்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுக்கு வந்தது. இன்றும் நடப்பில் உள்ள ஆயுதச் சட்டம் அதே 1960-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் ஆயுதத்தையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதை மட்டும் தடுக்கவில்லை. அதைத் தன் பாதுகாப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பதையும் தடுக்கிறது. வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும், காரின் பின்பெட்டியில் கிடந்தாலும் குற்றம் குற்றமே. இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அதைவிடக் கடுமையானது 1971-ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம். அதன் 8-ஆவது பிரிவின் கீழ் குற்றம் சாட்டப்பட்டால், 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. வேட்டைக்குத்தான் வைத்திருந்தேன், யாரையும் மிரட்டவில்லை என்று சொல்வதால் குற்றம் இல்லாமல் போய்விடாது.

அப்பாவின் துப்பாக்கி மகனுக்குச் சொத்தல்ல

விவசாயிகளும் நிலக்காரர்களும் பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் பெறலாம். பெரும்பாலும் இது நடுவில் மடிக்கும் வேட்டைத் துப்பாக்கியாக இருக்கும். கம்பத்தில் இதை 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள். உரிமம் ஆளின் பெயருக்கும் குறிப்பிட்ட துப்பாக்கிக்கும் கொடுக்கப்படுகிறது. எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதும் நிபந்தனைகளும் அதனுடன் சேர்ந்தவை. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

பயிரைக் காக்கக் கொடுத்த துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பட்டணத்து உணவுக் கடைக்குப் போவது அந்த நோக்கத்தில் அடங்காது. வேறு மாவட்டத்துக் காட்டில் நண்பர்களோடு வேட்டைக்குப் போகவும் அதுவே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். புரியாவிட்டால் மாவட்டக் காவல்துறைத் தலைமையகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

தோட்டப்புறங்களில் மூன்று இடங்களில் தவறு நேர வாய்ப்பு அதிகம்.

முதலாவது, இரவல். "இன்று எனக்கு வேலை இருக்கிறது, நீ எடுத்துக்கொண்டு போ" என்று துப்பாக்கியைக் கொடுத்தால், வாங்கியவர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் ஆகிறார். கொடுத்தவரின் உரிமத்துக்கும் ஆபத்து. மீதமிருக்கும் நான்கு தோட்டாக்களை நட்புக்காகக் கொடுப்பதற்கும் இதே நிலைதான். ஒருவருடைய உரிமத்தில் உள்ள துப்பாக்கியை மற்றொருவர் முறைப்படி பயன்படுத்த, அவர் பெயரில் தனியாக 'பெர்மிட் பாவா டான் குனா' எனப்படும், எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவுமான அனுமதி வேண்டும். நிர்வாகத்தின் துப்பாக்கியைக் கொடுத்து "பன்றியை விரட்டு" என்று மேலதிகாரி சொன்னால், அந்த அனுமதி தன் பெயரில் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. பிடிபடும்போது துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்.

இரண்டாவது, இறந்தவரின் துப்பாக்கி. உரிமம் வைத்திருந்த தந்தை காலமானால், அந்த உரிமம் மகனுக்குத் தானாக வந்துவிடாது. "அப்பா ஞாபகமாக இருக்கட்டும்" என்று பரணில் வைப்பது குடும்பத்தையே சிக்கலில் மாட்டிவிடும். காரியங்கள் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லித் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட வேண்டும். மகனுக்குத் தேவையிருந்தால் அவர் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, "இது நிஜத் துப்பாக்கி இல்லை" என்ற எண்ணம். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரும்புக் குழாயைக் கொண்டு பட்டறையில் செய்யும் 'பகாகுக்' என்ற நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம், செய்து கொடுப்பது அதனினும் பெரிய குற்றம். இணையத்தில் உதிரிப் பாகங்களாக வாங்கினாலும் தப்ப முடியாது. ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதமே.

விலங்குக்குத் தனி லைசென்ஸ்

துப்பாக்கிப் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகுதான் இரண்டாவது சட்டம் வருகிறது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

சட்டம் 716 விலங்குகளை இரண்டு பட்டியல்களில் வைக்கிறது. முதல் பட்டியலில் உள்ளவை பாதுகாக்கப்பட்டவை. உரிமம் பெற்றுத்தான் வேட்டையாடலாம். இரண்டாவது பட்டியலில் உள்ளவை முற்றிலும் பாதுகாக்கப்பட்டவை. புலி, யானை, சிலாடாங் எனும் காட்டெருது, தாப்பிர், கரடி, அழுங்கு, இருவாச்சிப் பறவை ஆகியவை இதில் அடங்கும். இவற்றைத் தொடவே சிறப்பு அனுமதி தேவை. அது சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடைப்பதல்ல.

பலருக்கு வியப்பளிப்பது, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியும் முதல் பட்டியலில் இருப்பதுதான். எண்ணிக்கையில் அதிகம், எங்கும் தொல்லை என்பதால் அதற்குக் கணக்கு வழக்கு இல்லை என்று நினைப்பது தவறு. பன்றியைச் சுட பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமம் வேண்டும். குரங்கு, முள்ளம்பன்றி, மலைப்பாம்பு, 'பியாவாக்' என்று நாம் சொல்லும் உடும்பு ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவை. மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய், உடம்புக்குச் சூடு தரும் கறி என்று பிடித்து வருவது பழைய பழக்கம். அது சட்டத்துக்கு விலக்கு ஆகாது.

மான் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. எண்ணிக்கை குறைந்துபோனதால் மான் வேட்டைக்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது நீட்டிக்கவும்பட்டது. பன்றிக்கு வாங்கிய உரிமத்தைக் காட்டி மானைச் சுட முடியாது.

ஓராங் அஸ்லி மக்கள் குறிப்பிட்ட சில விலங்குகளைத் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அது அவர்களுக்கே உரிய விலக்கு. அவர்களோடு கூட்டுச் சேர்ந்து போகும் மற்றவர்களுக்கு அது பொருந்தாது, விற்பனைக்கும் பொருந்தாது.

இந்தச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, கடுமையான குற்றங்களுக்கு உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி, உச்ச சிறைத் தண்டனை 15 ஆண்டு என்று உயர்த்தப்பட்டது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். அடுத்தவர் நிலத்தில் நுழைய நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும்.

துப்பாக்கி இல்லையென்றால் தப்பா?

"நாங்கள் துப்பாக்கியே எடுப்பதில்லை, கம்பிதான் வைக்கிறோம்" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் சுருக்குக் கம்பிதான் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் பொருள்களில் ஒன்று. சட்டம் 716-இன் 29-ஆவது பிரிவு சுருக்கு வைத்து வேட்டையாடுவதையே தடை செய்கிறது. வேட்டை உரிமம் இருந்தாலும் சுருக்கு வைக்க முடியாது.

காரணம் எளிது. பன்றிக்கு வைத்த கம்பி பன்றிக்காகக் காத்திருப்பதில்லை. எது காலை வைக்கிறதோ அதை இறுக்கும். நாட்டில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அவற்றின் அழிவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சுருக்குக் கம்பி. காலில் கம்பி அறுத்த புலியால் மானையோ பன்றியையோ துரத்த முடியாது. அது தோட்டத்து மாட்டைத் தேடி வரும். அங்கே பால்மரம் சீவவும் குலை அறுக்கவும் போகிறவர்கள் நம் மக்கள்தான்.

மின்சாரக் கம்பியை நிலத்தைச் சுற்றி இழுத்துவிடுவதும் இப்படித்தான். இருட்டில் அந்த வழியாக நடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பன்றிக்கும் மின்சாரம் வேறுபாடு பார்ப்பதில்லை. உயிர் போனால் அது கொலைக்கு ஈடான வழக்காகவோ கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்காகவோ மாறும். நாயும் ஈட்டியும் கொண்டு போனாலும் வேட்டை வேட்டைதான், உரிமம் வேண்டும்.

தெருநாயைச் சுடுவது

காற்றுத் துப்பாக்கியால் தெருநாயையோ பக்கத்து வீட்டுப் பூனையையோ சுடுவது இரண்டு சட்டங்களில் மாட்டிவிடும். ஆயுதச் சட்டம் ஒன்று. மற்றொன்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு அதன் 29-ஆவது பிரிவு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. தொல்லை தரும் நாய்களைப் பற்றி ஊராட்சி மன்றத்திடம் புகார் செய்ய வேண்டும். நாமே தீர்ப்பு எழுதக் கூடாது.

அசைந்ததெல்லாம் பன்றி அல்ல

சட்டத்தைத் தாண்டி ஒன்றையும் சொல்ல வேண்டும். புதர் அசைந்தது, விளக்கொளியில் இரண்டு கண் மின்னியது என்று சுட்டுவிட்டு, ஓடிப் போய்ப் பார்த்தால் விழுந்து கிடப்பது மனிதன் என்ற செய்தி இந்நாட்டில் அவ்வப்போது வருகிறது. சில வேளைகளில் அது உடன் வந்த நண்பனாகவே இருக்கும். டுரியான் காலத்தில் பழம் விழக் காத்திருப்பவர்கள் இரவெல்லாம் தோப்பில் இருப்பார்கள். விடியுமுன்னே மரம் சீவப் போகிறவர்கள் இருப்பார்கள். தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சுட்டவருக்கு இரண்டு பத்திரங்களும் இருந்தாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு அதனால் ஆறுதல் இல்லை.

என்ன செய்யலாம்?

பன்றித் தொல்லை இருக்கும் இடங்களில் முதலில் தோட்ட நிர்வாகத்திடமோ கிராமத் தலைவரிடமோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். பெர்ஹிலித்தானின் மாநில, மாவட்ட அலுவலகங்களிலும் புகார் செய்யலாம். 1-800-88-5151 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம். யானை, புலி, கரடியின் தடம் தெரிந்தால் கூட்டம் சேர்த்து விரட்டப் போகாமல் உடனே அத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கொல்லைகளுக்குக் கம்பிவலை வேலியும் அகழியும் செலவு பிடித்தாலும் நீடித்துப் பயன் தருபவை.

சட்டப்படி வேட்டையாட விரும்புகிறவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தம்மையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். இந்தத் துப்பாக்கி என் பெயரில் இருக்கிறதா, அல்லது அதைப் பயன்படுத்த என் பெயரில் அனுமதி இருக்கிறதா? நான் தேடிப் போகும் விலங்குக்கு என்னிடம் வேட்டை உரிமம் இருக்கிறதா? நான் போகும் நிலத்தில் நுழைய எனக்கு அனுமதி உண்டா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்பது பதிலானால், அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவது மேல். பன்றி நாளைக்கும் வரும். பதினான்கு ஆண்டு சிறையில் கழிந்தால் அந்த ஆண்டுகள் திரும்ப வருவதில்லை.